நாய்களுக்கு அனுமதி இல்லை

பாமா விழுந்தது தீபாவளிக்கு முந்தின வாரத்தில். அந்த ஊரில் மழைக்காலம் அதற்குள் ஓய்ந்துவிட்டது என்றாலும் விடிகாலைப் புல்லில் ஈரம் இருந்துகொண்டுதான் இருந்தது. வெறுங்காலோடு புல்லில் நடந்தால் முழங்கால் வலி குறையும் என்று பூங்காவில் சிரிப்பு யோகா செய்ய வரும் மராத்திக்காரப் பெண்மணி ஒருத்தி சொல்லியிருந்தாள். பாமா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். தினமும் செருப்பை சிமெண்டு பெஞ்சுக்கு அடியில் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் இறங்கிவிடுவாள். அவள் கணவர் வெங்கடேஸ்வரன் ஓரத்துக் கல்பாதையில் கையை வீசி வீசிச் சுற்றி வருவார்.

அன்றைக்கு அவர் பாதையின் மறுகோடியில் இருந்தபோது சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால் பாமா ஒருக்களித்துக் கிடந்தாள். வலது கை அவளுக்கு அடியில் மாட்டியிருந்தது. பக்கத்தில், கால் வழுக்கிய தடம் புல்லில் நீளமாக, பழுப்பாக இழுபட்டிருந்தது. அது என்ன என்று யாரும் சொல்லத் தேவையில்லை. வாடையே சொல்லிவிட்டது.

ஆட்டோக்காரன் போகிற வழியில் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு முகத்தை வெளிக்காற்றுப் பக்கம் வைத்துக்கொண்டே ஓட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் பாமா உள்ளே வர மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

"மொதல்ல என் காலக் கழுவணும். இப்படியே எப்படி உள்ள போறது? டாக்டரு கையப் பாப்பாரா, இதப் பாப்பாரா?"

"கை தொங்குது பாமா. கால் கெடக்கட்டும்."

"கழுவாம நான் வரல."

வாட்ச்மேனிடம் ஒரு மக் வாங்கி, வண்டி நிறுத்துமிடத்துக் குழாயடியில் அவளை நிறுத்தி, வெங்கடேஸ்வரன் குனிந்து அவள் காலைக் கழுவினார். விரலிடுக்கில் ஏறியிருந்தது. புடவை ஓரத்திலும் அப்பியிருந்தது. வெறுங்கையால்தான் தேய்க்க வேண்டியிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் காலை அவர் தொட்டதில்லை. கழுவி முடித்து நிமிர்ந்தபோது, அவளுடைய கையைவிட, இதைப் போட்டுவிட்டுப் போனது யார் என்கிற கேள்விதான் அவர் மனத்தில் பெரிதாக நின்றது.

மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

வெங்கடேஸ்வரன் மராத்தி பேசும் ஊரான தேஹு ரோட்டில், ராணுவக் கிடங்கில் சிவிலியன் ஊழியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம் என்று சொல்லிக்கொள்வாரே தவிர, அவருடைய ஆயுசில் பாதிக்கு மேல் அந்தக் கிடங்கிலேயே போய்விட்டது. அங்கே ஒரு சாமான் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றாலும் சரி, இருக்கக்கூடாத இடத்தில் இருந்தாலும் சரி, அதற்கு ஒரு ஆள் பொறுப்பு. அந்த ஆள் அகப்படும் வரை அவருக்குச் சோறு இறங்காது. பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மகன் சாய்கிருஷ்ணா கூப்பிட்டதால் விமான் நகர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார்கள். சாய்கிருஷ்ணாவுக்கும் அவன் மனைவி சஹானாவுக்கும் சாஃப்ட்வேர் வேலை. பேத்தி வைஷு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். இவர்களோடு மோமோ என்று ஒரு பழுப்பு நிற லாப்ரடார் நாயும் அந்த வீட்டில் இருந்தது.

மோமோவை வெங்கடேஸ்வரன் விரும்பவும் இல்லை, வெறுக்கவும் இல்லை. வீட்டில் சோபா இருக்கிற மாதிரி அதுவும் இருந்தது. சாய்கிருஷ்ணாவுக்கு விடியும் முன்னாலேயே ஆஸ்திரேலியாக்காரர்களோடு போனில் பேச வேண்டியிருக்கும். பேசிக்கொண்டே நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வருவான். எங்கே போகிறான் என்று அவர் கேட்டதில்லை. நாயின் வார்ப்பட்டையில் சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று தொங்கும். அதற்குள் நாய் போட்டதை அள்ளும் பைச்சுருள் இருக்கும். அதைப் பார்த்திருந்தார். அது போதும் என்று இருந்துவிட்டார்.

பாமாவின் மாவுக்கட்டில் வைஷு கிரேயானால் பூ வரைந்தாள். மோமோ அந்தக் கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு பாமாவின் காலடியிலேயே படுத்துக்கொண்டது. பாமாவுக்குத் தலை வாரிவிடுவது, மாத்திரையைப் பிரித்துக் கொடுப்பது எல்லாம் வெங்கடேஸ்வரன் பொறுப்பானது. பின்னல் கோணலாக வந்தது. ஒவ்வொரு காலையும் அந்தக் கோணல் பின்னலைப் போட்டுவிட்டு நேராகப் பூங்காவுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற நாய்களைக் கவனிக்க ஆரம்பித்தார்.

நாய்கள் அதிகமில்லை. வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒன்று வரும். அதை வைத்திருந்த பெண்மணி அதைத் தரையிலேயே விடுவதில்லை. பிறகு ஒரு கறுப்பு நாட்டு நாய். பின்னங்கால் ஒன்று விறைத்திருக்கும். அதைக் கூட்டி வருகிறவள் முப்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க பெண். கழுத்தில் ஆபீஸ் அட்டையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவாள். அந்தக் கறுப்பு நாய் பாமா விழுந்த இடத்துக்குப் பக்கத்தில், குல்மோஹர் மரத்தடியில்தான் தினமும் போய் நின்றது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

"மேடம்," என்று இந்தியில் கூப்பிட்டார். "உங்கள் நாய் போட்டதை நீங்கள்தான் எடுக்க வேண்டும்."

அந்தப் பெண் ஜாக்கெட் பையிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு பையை எடுத்துக் காட்டினாள். "எடுத்துவிட்டேன். இதோ." அவளுடைய இந்தி அவருடையதைவிட மோசமாக இருந்தது.

"இன்றைக்கு எடுத்தீர்கள். நான் பார்க்கிறேன் என்பதால் எடுத்தீர்கள். போன வாரம்?"

"போன வாரமும் எடுத்தேன்."

"போன வாரம் என் மனைவி இங்கேயே விழுந்து கையை உடைத்துக்கொண்டாள்."

பக்கத்து விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய சண்டை விமானம் ஒன்று தலைக்கு மேலே இரைந்துகொண்டு போனது. அது போய் முடியும் வரை இருவரும் கோபம் மாறாமல் வாயை மூடிக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். சத்தம் அடங்கியதும் அவள் நாயைப் பார்த்து, "வா சிட்டு. இந்தாளுகிட்ட நின்னு பேசுனா நம்ம நேரந்தான் வீணாப் போகும்," என்றாள்.

"எந்தாளு?" என்றார் வெங்கடேஸ்வரன் தமிழில்.

அவள் திரும்பினாள். ஒரு நிமிஷம் இருவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. வேறு சமயமாக இருந்தால் எந்த ஊர், எங்கே வேலை என்று பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். அன்றைக்கு அப்படிப் போகவில்லை. இந்தியில் பேசியபோது வார்த்தை கிடைக்காமல் பாதியில் நின்ற கோபமெல்லாம் இப்போது முழுசாக வெளியே வந்தது.

"நான் எடுக்கலைன்னு நீங்க பாத்தீங்களா? பாத்திருந்தா சொல்லுங்க, கேட்டுக்கறேன். பாக்காம எப்படிங்க ஒருத்தர் மேல பழி போடறது?"

"ஒன் நாய் அந்த மரத்தடியிலதான வந்து நிக்கி?"

"நின்னா? நின்னதுக்கெல்லாம் கேஸுங்களா?"

"படிச்ச புள்ள மாதிரி இருக்க. செஞ்சத ஒத்துக்கிட்டா என்ன?"

"செய்யாதத ஒத்துக்கோணும்னா, அதுக்கு வேற ஆளப் பாருங்க."

சிரிப்பு யோகாக்காரர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பாஷை புரியாவிட்டாலும், வெங்கடேஸ்வரன் நீட்டிய விரல் யாரைக் காட்டியது என்பது புரிந்தது. அவர் பிறகு போய் அவர்களுக்கு இந்தியில் விளக்கமாகவும் சொன்னார்.

அந்தப் பெண் அகல்யா என்பதும், கோயம்புத்தூர்க்காரி என்பதும், மூன்றாவது கட்டடத்தில் தனியாக இருக்கிறாள் என்பதும் அப்புறம் தெரிந்தது. ரோட்டில் பைக் மோதிக் கிடந்த நாயை எடுத்து வளர்க்கிறாளாம். அதெல்லாம் அவர் மனத்தை மாற்றவில்லை.

பூங்காவைப் பராமரித்தது சுற்றியிருந்த குடியிருப்புகளின் கமிட்டி. அதன் செயலாளர் கானிட்கர், ஓய்வு பெற்ற என்ஜினியர். அவருக்கு நாய்கள் மேல் தனியாக ஒரு வெறுப்பு இருந்தது. இதுவரை அதற்கு ஒரு காரணம் கிடைக்காமல் இருந்தது. வெங்கடேஸ்வரன் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்தால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

வெங்கடேஸ்வரன் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கினார். மாவுக்கட்டோடு இருந்த பாமாவின் போட்டோவைப் போனில் காட்டினார். பார்த்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். வீட்டிலும் தாளை நீட்டினார். சஹானா யோசித்தாள். "மோமோவையும் கூட்டிட்டுப் போக முடியாதே, மாமா?"

"அவன் ரோட்டுலதான கூட்டிட்டுப் போறான். என்னல?"

"ஆமா," என்றான் சாய்கிருஷ்ணா. தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மடிக்கணினிக்குத் திரும்பிவிட்டான்.

போர்டு சீக்கிரமே வந்தது. வாசகத்தைக் கானிட்கரே மராத்தியில் எழுதியிருந்தார். 'நாய்களுக்கு அனுமதி இல்லை. படிக்கத் தெரிந்த உரிமையாளர்கள் இதைத் தங்கள் நாய்க்கும் படித்துக் காட்டவும்.' எல்லோரும் அதைப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டார்கள். மறுநாள் காலை அகல்யா நாயோடு வந்து கேட்டில் நின்று அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். வெங்கடேஸ்வரன் உள்ளே நடந்துகொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். நாய் வழக்கம்போல உள்ளே போக இழுத்தது. அதை மெல்லத் திருப்பி, ரோட்டோரம் நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனாள். அவருக்கு ஒரு வேலையைச் சரியாக முடித்த நிறைவு இருந்தது.

ஆனால் புல்லில் அசிங்கம் கிடப்பது நிற்கவில்லை. முன்பு போலவே இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம், மரத்தடியில் அல்லது அதைத் தாண்டி. யாரும் பார்க்காத நேரத்தில் அவள் வருகிறாள் என்று வெங்கடேஸ்வரன் கானிட்கரிடம் சொன்னார். பூங்காவின் பின்பக்கச் சின்னக் கேட்டைப் பூட்டலாமா என்று கானிட்கர் யோசித்தார். அதன் தாழ்ப்பாள் உடைந்துபோய் வெகுநாளாகியிருந்தது.

இந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் வீட்டில் வைஷு அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினாள். புதிதாக வாங்கின கிரேயான் பெட்டியை மோமோ கடித்துத் தின்றுவிட்டது. பச்சையும் ஆரஞ்சும்தான் அதிகம் போயிருந்தன. நாய்க்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று சஹானா டாக்டருக்குப் போன் பண்ணினாள். ஒன்றும் ஆகாது, வெளியே வந்துவிடும் என்றார் அவர். சோபாவுக்கு அடியில் கிடந்த காகிதத் துணுக்குகளைக் கூட்டி அள்ளியது வெங்கடேஸ்வரன்தான்.

அதற்கு அடுத்த நாளோ அதற்கும் மறுநாளோ, காலையில் அவர் மரத்தடிக்குப் போனபோது அது கிடந்தது. புதிதாக இருந்தது. குச்சியால் மண்ணைத் தள்ளி மூடலாம் என்று குனிந்தவர் அப்படியே நின்றார். பழுப்புக்குள் பச்சைத் துணுக்குகள் பதிந்திருந்தன. நடுவே ஒரு ஆரஞ்சுத் துண்டு, மெழுகு பளபளப்போடு, பல் பட்ட தடம்கூட அழியாமல் இருந்தது.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். சிரிப்பு யோகாக்காரர்கள் கைகளை உயரத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தாலும் அந்த நிறம் யாருக்கும் ஒன்றும் சொல்லியிருக்காது. அவர் ஒருத்தருக்குத்தான் அது சொன்னது. காய்ந்த இலைகளைத் தள்ளி மூடினார். வீட்டுக்கு வந்து, காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாமாவுக்குத் தலை வாரிவிட்டார்.

"இன்னைக்கு நேரா வந்திருக்கே பின்னல்," என்றாள் பாமா, கையால் தடவிப் பார்த்து.

மறுநாள் இருட்டு பிரிவதற்கு முன்பே எழுந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சின்னக் கேட் கிரீச்சிட்டது. சாய்கிருஷ்ணா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் பேசியபடி வந்தான். மோமோ மரத்தடியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு உட்கார்ந்தது. யாராவது உடை மாற்றும்போது நாம் திரும்பி நிற்போமே, அப்படி அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நாய் முடித்துவிட்டு வாரை இழுத்தது. அவன் பேசிக்கொண்டே நடந்தான்.

"சாயி."

அவன் திடுக்கிட்டான். "அப்பா? இங்க என்ன பண்றீங்க? குளிருது."

"அத எடு."

"போன் கால்ல இருக்கேன்ப்பா. க்ளையண்ட்."

"வைல அத."

அவன் காதிலிருந்ததைக் கழற்றினான். அவர் எழுந்து வந்து அவனுக்கு முன்னால் நின்றார்.

"எத்தன நாளா இப்படி?"

"எல்லா நாளும் இல்ல. சில நாள் ரோட்லயே போயிடும்."

"இங்க போனா எடுக்கியா?"

அவன் நாயைப் பார்த்தான்.

"ஒங்கம்மா எங்கல விழுந்தா?"

"அப்பா, ப்ளீஸ். அது மோமோதுதான்னு எப்படிச் சொல்றீங்க? எத்தனையோ நாய் வருது."

"எனக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியாது. ஆனா ஒனக்குத் தோணுச்சா இல்லியா?"

சாய்கிருஷ்ணா வாரைக் கையில் சுற்றினான். பிறகு, "தோணிச்சு," என்றான். "ஆஸ்பத்திரில அம்மாவப் பாத்தப்பவே தோணிச்சு. சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க அந்த லேடியோட சண்ட போட்டாச்சு. சிக்னேச்சர் வாங்க ஆரம்பிச்சாச்சு. அப்பறம் எப்படிச் சொல்றது?"

"நீயும் போட்டியேல கையெழுத்து."

"போடலைன்னா ஏன்னு கேப்பீங்கல்ல."

அவருக்குக் கை ஓங்கத் தோன்றியது. அடிக்கிற வயசைத் தாண்டிய மகன். போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் வேறு காத்துக்கொண்டிருந்தான்.

"பை இருக்குல்லா. எடுக்கதுக்கு என்ன?"

"முடியலப்பா. ரெண்டு தரம் ட்ரை பண்ணேன். வாந்தி வந்துடுச்சு. வைஷுவுக்கே எல்லாம் சஹானாதான் பண்ணா."

இவனுக்கு எல்லாம் செய்தது பாமாதான். அவர் கிடங்கிலிருந்து வரும்போது பிள்ளை குளித்துப் பவுடர் போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும்.

டப்பாவிலிருந்து ஒரு பையை இழுத்துக் கிழித்தார். கையில் எப்படி மாட்டுவது என்று தெரியவில்லை. சாய்கிருஷ்ணாதான் திருப்பி மாட்டிக் காட்டினான். அவர் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு அள்ளினார். பை அத்தனை மெல்லியதாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சூடு அப்படியே உள்ளங்கைக்கு வந்தது. குமட்டியது. கண்ணில் நீர் வந்தது. முடிச்சுப் போட்டு முடிக்கும் வரை நிமிரவில்லை. மோமோ வாலை ஆட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தது.

காபி நேரத்தில் பாமாவிடம் சொன்னார். எல்லோரும் இருக்கும்போதே சொன்னார். சஹானா கணவனைப் பார்த்த பார்வையில், இன்னும் கொஞ்ச நாளைக்கு அந்த வீட்டில் அவனுக்கு நிம்மதி இல்லை என்று தெரிந்தது. பாமா காலடியில் கிடந்த நாயைப் பார்த்தாள்.

"நம்ம மோமோவா?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "வேற யாரும் விழுந்து கைய ஒடிச்சிருந்தா? நானாப் போச்சு," என்றாள்.

"அம்மா, ஸாரி," என்றான் சாய்கிருஷ்ணா.

"காபி ஆறுது. குடி." அவள் மகன் பக்கம் திரும்பவில்லை. கணவரிடம், "அந்தப் புள்ளையத்தான் ஊர் முன்னால நிக்க வச்சிட்டியளே. அதுகிட்ட யாரு சொல்லுவா?" என்றாள்.

அவர் முதலில் கானிட்கரிடம்தான் போனார். விஷயத்தைச் சொல்லி, போர்டை எடுத்துவிடலாம் என்றார். கானிட்கர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எதற்கு எடுப்பது? நாய் வராமல் இருந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே. உங்கள் வீட்டு நாயும் இனிமேல் வராது. முடிந்தது. இதை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை."

"அந்தப் பெண் தவறு செய்யவில்லை."

"விதி எல்லோருக்கும் ஒன்றுதான், வெங்கடேஸ்வரன். கையெழுத்து நீங்கள் கொண்டுவந்ததுதானே?"

வெங்கடேஸ்வரன் எழுந்து வெளியே வந்தார்.

அகல்யாவை ரோட்டில் பார்த்தார். பள்ளிக்கூட வேன்களும் ஆபீஸ் கார்களும் நெருக்கிக்கொண்டு போகிற நேரம். வண்டி வரும்போதெல்லாம் அவள் சிட்டுவைச் சுவரோரமாக இழுத்துத் தன் காலுக்குள் அணைத்துக்கொண்டாள். விறைத்த பின்னங்கால் நடைமேடையில் ஏறவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னார். எங்க வீட்டு நாய்தான். எம் மகன்தான். நீ இல்ல.

அவள் கேட்டுக்கொண்டாள். முகத்தில் மாறுதல் ஒன்றும் தெரியவில்லை.

"சரிங்க," என்றாள். "இத எதுக்கு இப்ப எங்கிட்ட சொல்றீங்க? எனக்குத் தெரியுமேங்க நான் செய்யலைன்னு."

"மன்னிச்சிக்கிடணும்."

"தெரியாதவங்ககிட்டயில்ல சொல்லோணும். அன்னைக்குப் பார்க்குல அத்தன பேரு என்னயத்தான பாத்தாங்க? லிஃப்ட்ல வந்தா இப்பவும் ஒரு மாதிரிதான் பாக்கறாங்க. அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க." நாயை ஒரு கையால் தூக்கி நடைமேடையில் ஏற்றிவிட்டு, "வரேனுங்க, ஆபீஸுக்கு நேரமாச்சு," என்று போய்விட்டாள்.

அவருக்குக் கோபம் வந்தது. பெரிய மனுஷன் தேடி வந்து மன்னிப்புக் கேட்கிறான், இவ்வளவு இறுமாப்பா என்று நினைத்துக்கொண்டே வீடு வரை வந்தார். லிஃப்டில் யாரோ ஒரு அம்மாள் அவரைப் பார்த்து, உங்களால்தான் பூங்கா பூங்காவாக இருக்கிறது என்றாள். அந்தப் பாராட்டு அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிரிப்பு யோகாவுக்குக் கூட்டம் அதிகம். அவர்கள் முடிக்கும் வரை காத்திருந்து, நடுவில் போய் நின்று, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றார். இந்தியில்தான் சொன்னார். கிடங்கில் பழகிய இந்தி, வினைமுற்றெல்லாம் முரட்டுத்தனமாக வந்தது. என் மனைவி விழுந்தது மூன்றாவது கட்டடத்துப் பெண்ணின் நாயால் அல்ல. அந்த நாய் போட்டதை அவள் தினமும் எடுத்தாள். எடுக்காமல் போனது என் வீட்டு நாய். நாய்க்கு விவரம் தெரியாது. எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பார்க்காததைப் பார்த்தது போலச் சொன்னேன். இவ்வளவுதான்.

யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒருவர் பழக்கதோஷத்தில் கை தட்டினார். வேறு இரண்டு பேரும் சேர்ந்து தட்டிவிட்டு, தப்போ என்று நிறுத்திக்கொண்டார்கள். பாமாவுக்குப் புல்லில் நடக்கச் சொன்ன பெண்மணி மட்டும் அருகே வந்து கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். கானிட்கர் தன் நடையை நிறுத்தவேயில்லை.

போர்டு அப்படியேதான் இருந்தது. காலை நேரத்தில் மோமோவை இப்போது வெங்கடேஸ்வரன் கூட்டிக்கொண்டு போனார், ரோட்டில்தான். குமட்டல் ஒரு வாரத்தில் நின்றது. எதிரே அகல்யா வந்தால் சில நாள் தலையை அசைப்பாள், சில நாள் அசைக்க மாட்டாள். நாய்கள் இரண்டும் முகர்ந்துகொள்ளும். அவர்கள் இருவரும் அந்த நேரம் வேறு எங்காவது பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பாமாவின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். அவள் மறுபடியும் நடக்க வந்தாள், செருப்போடு, கல்பாதையில்.

பொங்கலுக்குப் பிறகு அகல்யா வீட்டுக் கதவைத் தட்டினாள். பம்ப் அறைக்குப் பின்னால் சும்மா கிடக்கும் துண்டு நிலத்தை நாய்களுக்கு விடச்சொல்லி, அவளே கமிட்டிக்கு அலைந்து அனுமதி வாங்கியிருந்தாள். சுத்தத்துக்கு இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும் என்று கானிட்கர் நிபந்தனை போட்டாராம்.

"ஒண்ணு நானு. இன்னொண்ணு உங்க பேரச் சொல்லிட்டேனுங்க."

"எங்கிட்ட கேக்கவே இல்லியே?"

"நீங்க என்னயக் கேட்டுட்டுத்தானுங்களா போர்டு வச்சீங்க?" என்றாள். பாமா உள்ளிருந்து காபி குடிக்கக் கூப்பிட்டாள். அகல்யா கொஞ்சம் தயங்கிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

சாய்கிருஷ்ணாவும் அப்பாவும் வெகுநாள் வரை தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை அவருக்குக் காய்ச்சல். அவன் வாரை எடுத்துக்கொண்டு நாயைக் கூட்டிப் போனான். போய் வெகுநேரமாகியும் வரவில்லை. பாமா பால்கனிக்கும் கதவுக்குமாக நடந்தாள். கடைசியில் லிஃப்ட் திறந்து அவன் வந்தான். முகம் வெளிறியிருந்தது; வாந்தியைக் கழுவியதில் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. ஒரு கையில் மோமோவின் வார். இன்னொரு கையை உடம்பைவிட்டுத் தள்ளி நீட்டிப் பிடித்திருந்தான். அதில் முடிச்சுப் போட்ட பை தொங்கியது.

"ஐயோ, அத எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டு வர்ற?" என்று சஹானா கத்தினாள்.

"எங்க போடறதுன்னு தெரியல," என்றான் அவன்.

வெங்கடேஸ்வரன் போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து வந்து பார்த்தார்.

"பம்ப் ரூமுக்குப் பின்னால பச்ச டப்பா வச்சிருக்குல்லா," என்றார். "வா, காட்டுதேன்."

"உங்களுக்குக் காய்ச்சல். நானே போறேன்."

அவன் பையை அப்படியே நீட்டிப் பிடித்தபடி திரும்பினான். லிஃப்ட் அதற்குள் கீழே போய்விட்டிருந்தது. படியிலேயே இறங்க ஆரம்பித்தான்.